ஆச்சியின் நாற்பது கட்டு

தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் கடையம், ஆழ்வார்குறிச்சி என்று எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி தப்பாது. தார்சாவில் சுவரோடு சாய்ந்து, காலை நீட்டி, மடியில் சொளவு வைத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சொளவின் ஒரு பக்கம் வெட்டிய இலை, இன்னொரு பக்கம் புகையிலைத் தூள். கண் தெருவில் போகிறவர்களைப் பார்க்கும். வாய் யாரோடாவது பேசும். விரல்கள் மட்டும் தங்கள் பாட்டுக்குப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும். மேற்கே பொதிகை மலை, தெருவெல்லாம் புகையிலை நெடி. வெளியூர்க்காரர்களுக்கு மூக்கை அடைக்கும் அந்த நெடி, எங்களுக்கு வீடு வந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

என் ஆச்சி, அம்மாவைப் பெற்றவள், அப்படி ஒரு தார்சாவில் அறுபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்காரன் போனபோது தனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது என்று சொல்வாள். அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் சாகும்போது எண்பத்தைந்து வயது இருக்கும். நான்கு பிள்ளைகள், ஒன்பது பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரன் பேத்திகளும் உண்டு. துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும், "பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த மனுஷி" என்றார்கள். அது பொய்யில்லை. ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்வது எனக்குப் போதவில்லை. அம்மாக்களின் தியாகத்தைப் போற்றத் தெரிந்த நாம், அவர்கள் செய்த வேலையை வேலையாகப் பார்ப்பதில்லை. ஆச்சி பாசக்காரிதான். அதே அளவுக்குத் தேர்ந்த தொழிலாளியும்கூட. அந்தத் தொழிலைச் சொல்லாமல் அவளை நினைவுகூர முடியாது.

பீடி சுற்றுவது லேசான வேலை என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அது முந்தின ராத்திரியே தொடங்கிவிடும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானா காடுகளில் கோடைக்காலத்தில் பறித்துக் காயவைத்த டெண்டு இலை, கட்டுக்கட்டாகக் கம்பெனிக்கு வரும். பறிப்பவர்கள் பெரும்பாலும் பழங்குடி மக்கள். அந்த இலையை நிறுத்துத் தருவார்கள், தூளையும் நிறுத்துத் தருவார்கள். இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். ஈரம் குறைந்தால் வெட்டும்போது நொறுங்கும், கூடினால் சுற்றிய பீடி பூத்துப் போகும். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் காற்றில் இருக்கும் ஈரமே பாதி வேலையைச் செய்துவிடும். சித்திரை வெயிலில் இரண்டு தடவை தெளிக்க வேண்டும். இதை யாரும் ஆச்சிக்கு எழுதிக் கொடுக்கவில்லை. சாக்கின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

விடியுமுன் இலை வெட்டு. தகரத்தில் வெட்டிய அளவுத் தகட்டை இலையின்மேல் வைத்து, நரம்பு ஓரமாகப் போகும்படி கத்தரியால் வெட்டுவாள். ஒரே இலையில் இரண்டு துண்டு எடுக்கத் தெரிந்தால்தான் கொடுத்த இலையில் எண்ணிக்கை தேறும். தேறாவிட்டால் சொந்தக் காசில் இலை வாங்கிப் போட வேண்டும். எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்குக் கூலியில் ஒரு பங்கு அப்படியே போயிருக்கிறது. பிறகு துண்டில் தூளைப் பரப்பிச் சுருட்டி, நூலால் கட்டி, வாயை மடக்க வேண்டும். மடக்குவது எங்கள் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, சின்னக் கம்பியால் ஓரத்தை உள்ளே தள்ளிக் கொடுப்போம். 25 பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்குத்தான் கூலி பேச்சு. ஆச்சி கை ஓட்டமாக இருந்த காலத்தில், சமைத்து, தண்ணீர் எடுத்து, மாட்டுக்குத் தீவனம் வைத்து, இடையில் எழுந்து எழுந்து போனாலும் சாயங்காலத்துக்குள் அந்த நாற்பது கட்டும் தட்டில் இருக்கும்.

சாயங்காலம் பீடிக்கடை. தலைச்சுமையாகக் கொண்டுபோய் வரிசையில் நிற்பார்கள். செக்கர் ஒவ்வொரு கட்டாக எடுத்து உருட்டிப் பார்ப்பார். மெலிந்தது, பூத்தது, நூல் தளர்ந்தது எல்லாம் கழிவு. கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பக் கைக்கு வராது. ஆச்சியின் கட்டில் கழிவு அபூர்வம். ஆனாலும் பக்கத்தில் நிற்கும் சின்னப் பெண்ணின் கட்டைப் பிய்த்துப் போடும்போது ஆச்சியால் சும்மா இருக்க முடியாது. "கழிச்சதை அந்தப் பிள்ளைகிட்ட திரும்பக் குடுங்க, அவ தூள உதுத்து மறுபடி சுத்திக்கிடுவா" என்று சத்தம் போடுவாள். சில நாள் கேட்பார்கள், பல நாள் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கப் புகையிலையில் புரளும் கை கசக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. ஆச்சி என்றால் உருண்டை பிடித்துச் சோறு ஊட்டுகிறவள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். என் ஆச்சி வேலை நாட்களில் எங்களுக்கு ஊட்டியதே இல்லை. சோற்றைக் கரண்டியால்தான் போடுவாள், பிசைந்து கொடுப்பது சித்தி. ஞாயிற்றுக்கிழமை பீடிக்கடை லீவு. அன்று காலையில் புளியைக் கரைத்து விரல் இடுக்கெல்லாம் தேய்ப்பாள், அப்புறம் அரப்பு, அப்புறம் சாம்பல். கையை மூக்கில் வைத்துப் பார்த்துத் திருப்தியானால்தான் கூட்டாஞ்சோற்றை உருட்டி எங்களுக்குக் கொடுப்பாள். அப்போதும் முதல் உருண்டையைத் தானே தின்று பார்ப்பாள். வாரத்துக்கு ஒருநாள் கிடைத்த அந்தச் சோற்றுக்கு நாங்கள் ஒன்பது பேரும் சண்டை போட்டிருக்கிறோம்.

வேலைக்குத் துணை ரேடியோ. இலங்கை வானொலி எங்கள் பக்கம் துல்லியமாக எடுக்கும். 1963-இலிருந்து திருநெல்வேலி வானொலியும் உண்டு. பாட்டு ஓடும்போது கை இன்னும் வேகமாகப் போகும் என்பாள் சித்தி. கேரளத்தின் கண்ணூரில் ஆண்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். அவர்களில் ஒருவர் மற்றவர்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவார். அப்படிச் சேர்ந்து இருந்ததால் சேர்ந்து பேசவும் முடிந்தது. 1969-இல் அங்கே தினேஷ் பீடி கூட்டுறவு சங்கம் பிறந்ததற்கு அந்தக் கூடங்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் ஒவ்வொருத்தியும் அவளவள் வீட்டு வாசலில் இருந்தாள். முதலாளியின் முகத்தை ஆச்சி கடைசிவரை பார்த்ததில்லை.

தாத்தா தறி நெய்தவர். கைத்தறி படுத்தபோது அவர் கூலி வேலைக்குப் போனார், அதுவும் நிலைக்கவில்லை. வீட்டின் வரவு என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஆச்சியின் சொளவிலிருந்து வந்ததுதான். தாத்தா பீடி குடிப்பார். அது ஆச்சி சுற்றியதல்ல, கடையில் காசு கொடுத்து வாங்கியது. எண்ணிக்கையில் ஒரு பீடி குறைந்தாலும் கூலியில் பிடிப்பார்கள் என்பதால் அவள் சுற்றியதை வீட்டில் யாரும் தொட முடியாது. நெஞ்சுச் சளி முற்றி 1983-இல் தாத்தா இறந்தார். ஆச்சிக்கு அப்போது நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான். பதினாறு முடிந்ததும் இலையை நனைத்தாள். கடைசி மாமா அப்போது ஆறாம் வகுப்பு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. தாத்தாவைக் கொன்ற பொருளைத்தான் ஆச்சி சுற்றினாள். ஊர் ஊராக எத்தனை பேர் நெஞ்சை அது அரித்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்று 2008 அக்டோபர் 2 முதல் தடை வந்தபோது, "நல்லதுதான், குடிக்கிறவன் குறையட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எங்களுக்கு என்ன சோலி தருவாங்களாம்?" என்று கேட்டாள். பீடி ஒழிய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுற்றுகிறவர்களின் இருமலையும், பிடரி வலியையும், தூளிலேயே உட்கார்ந்து பால் கொடுத்த தாய்மாரையும் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் நாடு முழுக்கப் பதிவு பெற்ற பீடித் தொழிலாளர்கள் மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் பேர் என்பது அரசின் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆச்சி கேட்ட கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களை நான் இன்னும் அதிகம் பார்க்கவில்லை.

வீட்டிலிருந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று ஒப்புக்கொண்டது 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். 1976-இல் பீடித் தொழிலாளர் நலநிதி வந்தது. 1977-இல் வருங்கால வைப்பு நிதியை இந்தத் தொழிலுக்கும் நீட்டினார்கள். வீட்டில் சுற்றுகிறவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று முதலாளிகள் வழக்காடினார்கள். அவர்களுக்கும் பி.எப். உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்புச் சொன்னது. எங்கள் ஊர்த் தெருக்களில் இந்தச் சட்டம், தீர்ப்பு எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாக இருந்தது. அது பாஸ் புக். பாஸ் புக் உள்ளவளுக்கு பி.எப். உண்டு, பேறுகாலப் பணம் உண்டு, பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு. இல்லாதவள் இன்னொருத்தியின் பாஸ் புக்கில் சுற்றிக் கொடுத்துக் கூலியை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் "பீடி சுத்தத் தெரியுமா?" என்று கேட்பது எங்கள் பக்கம் வழக்கம். "பாஸ் புக் இருக்கா?" என்பது அதற்கடுத்த கேள்வி. நகையோடு சேர்த்து அதையும் ஒரு சீராகவே நினைத்தார்கள்.

ஆச்சி பெயரில் பாஸ் புக் வந்தது 1986-இல். அதற்கு முன்னால் முப்பது வருஷத்துக்கும் மேல் அவள் சுற்றியதற்கு எந்தக் காகிதமும் கிடையாது. புத்தகம் வந்த அன்று மஞ்சள் தடவிச் சாமி படத்தின் பின்னால் வைத்தாளாம். 1992 நவம்பரில் தாமிரபரணியிலும் கிளையாறுகளிலும் வெள்ளம் வந்ததே, அந்த ராத்திரி எங்கள் தெருவுக்குள் முழங்கால் தண்ணீர். மாமா மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடினார், அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆச்சி பரணில் ஏறி இலைச் சாக்கை மேலே தள்ளிவிட்டு, பாஸ் புக்கை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டுதான் இறங்கினாள். "உசிரு பெரிசா, புத்தகம் பெரிசா?" என்று அம்மா திட்டினாள். நனைந்து வீணான இலைக்குக் கணக்குக் கேட்பார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

பாஸ் புக்கில் கணக்குப்பிள்ளை எழுதுவதை ஆச்சி நம்பியதில்லை. பள்ளிக்கூடம் போகாதவள் என்பதால் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். எங்கள் பழைய நோட்டுகளில் மிச்சமிருக்கும் தாள்களைத் தைத்து, தினமும் ஒரு கட்டுக்கு ஒரு கோடு போடுவாள். பக்கத்துக்கு மூன்று பத்தி இருக்கும். அந்த மூன்று பத்தி எதற்கென்று நாங்கள் கேட்டதில்லை. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் ஊருக்கு வந்தபோது ராத்திரி வகுப்பில் சொளவோடு போய் உட்கார்ந்தாள். கையெழுத்துப் போடப் படித்துக்கொண்டாள், பஸ்ஸில் ஊர்ப் பெயர் வாசிக்கவும் வந்துவிட்டது. ஆனால் கணக்கு மட்டும் கடைசிவரை கோடுதான்.

பிள்ளைகளில் மூத்தவள் என் அம்மா. பத்தாம் வகுப்புவரை ஆச்சிக்குச் சமமாகச் சுற்றியவள். பிறகு ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். தாலியைத் தவிர வீட்டிலிருந்த பொட்டுத் தங்கம் எல்லாம் அந்த இரண்டு வருஷத்தில் அடகுக் கடைக்குப் போனது. திரும்பி வந்தது பாதி. கடைசி மாமாவுக்குப் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை கிடைத்தது. அதில் ஐ.டி.ஐ. முடித்தார். அம்மா வேலைக்குச் சேர்ந்தபிறகு லீவுக்கு வந்தால் பழக்கத்தில் சொளவை இழுப்பாள். ஆச்சி கையைத் தட்டிவிடுவாள். "நீ தொடாதட்டி. நாளைக்குப் போயி பிள்ளைக கையைப் புடிச்சு எழுதச் சொல்லிக் குடுக்கணும்லா, கசக்கும்." எங்கள் தலைமுறைப் பெண்களை மடக்கும் வேலைக்குமேல் ஆச்சி அனுமதிக்கவில்லை. எனக்குப் பீடி சுற்றத் தெரியாது. தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும் என்பதால் சின்ன வயதில் அது எனக்குக் குறையாகக்கூடத் தோன்றியது.

1998-இல் பாஸ் புக் வயது முடிந்தது. பி.எப். பணம் வந்தபோது மாமா அதை வைத்து வீட்டுக்குக் காங்கிரீட் போடலாம் என்று கொத்தனாரைக்கூடப் பேசிவிட்டார். ஆச்சி கொடுத்த தொகை அவர் கணக்குப் போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. மீதி எங்கே என்று கேட்டதற்கு, "செலவாயிட்டு" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. வீடு இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டு வீடாகவே இருந்தது. அந்தக் கோபம் மாமாவுக்கு ரொம்ப நாள் இருந்தது. பொங்கல், தீபாவளி என்று குடும்பம் கூடும் நாளெல்லாம் அந்தப் பேச்சு எப்படியாவது வந்துவிடும்.

அப்புறம் பென்ஷன். தொடக்கத்தில் மாதம் சில நூறு ரூபாய். குறைந்தபட்சப் பென்ஷனை 1,000 ரூபாய் ஆக்கியது 2014 செப்டம்பரில். இன்றுவரை அந்தக் குறைந்தபட்சம் அதே ஆயிரம்தான். வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அங்கேதான் ஆச்சி முதல்முறையாக மனம் உடைந்து நான் பார்த்தேன். மெஷினில் எந்த விரலை வைத்தாலும் எடுக்கவில்லை. இலையும் நூலும் அறுத்து, கத்தரி தேய்த்து, அறுபது வருஷத்தில் ரேகை போய்விட்டிருந்தது. எண்ணெய் தடவினோம், வெந்நீரில் கழுவினோம். அங்கிருந்த பையன் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னான். வரிசையில் இன்னும் மூன்று நான்கு கிழவிகள் அதே மாதிரி விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் பீடிக்காரிகள். எந்த வேலைக்காகப் பென்ஷனோ, அந்த வேலைதான் அந்தப் பென்ஷனைத் தடுத்து நிறுத்தியது. பிறகு ஒருவழியாகக் கண்ணை வைத்து எடுத்தார்கள். சில வருஷம் கழித்து முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதி வந்தது. ஆச்சி அதற்குப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு நலநிதிக்கென்று பீடிமேல் தனியாக வாங்கிய வரி நின்றுபோனது. 2025 நவம்பர் 21 முதல் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. ஆச்சியின் தலைமுறை போராடி வாங்கியவற்றில் எது எங்கே போய்ச் சேரும் என்பது வாசலில் உட்கார்ந்து சுற்றுகிறவளுக்குத் தெரியும்படி யாரும் சொல்லவில்லை. இலையும் தூளும் இப்போது வாரத்தில் சில நாள்தான் போடுகிறார்கள் என்று தெருவில் புலம்பல்.

கடைசி சில வருஷம் ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது. சித்தி சுற்றியதை எண்ணிக் கட்டுக் கட்டித் தருவாள். எண்ணிக்கை தப்பாது. கொள்ளுப்பேத்தி பக்கத்தில் வந்தால் மட்டும், "அங்கன போ தாயி, தூள் பறக்கும்" என்று விரட்டுவாள். படுக்கையில் விழுந்தது இரண்டு வாரம்தான். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போனாள் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. தொந்தரவு கொடுக்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு வந்தவர்களில் கீழத்தெரு அக்கா ஒருத்தி, பந்தி முடிந்த பிறகும் போகாமல் அடுக்களைப் பக்கமாக நின்றாள். அம்மா உட்காரச் சொன்னதும் அழ ஆரம்பித்துவிட்டாள். கல்யாணமாகி வந்த புதிதிலிருந்து அவளும், அவளுடைய நாத்தனாரும் ஆச்சியின் பாஸ் புக்கில்தான் சுற்றிக் கொடுத்தார்களாம். அவர்கள் சுற்றியதற்கான கூலியை ஆச்சி அன்றன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிடுவாளாம். ஊரில் பாஸ் புக் வைத்திருக்கிறவர்கள் பலர் அதில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வது உண்டு, ஆச்சி பிடித்ததில்லை.

"பி.எப். பணம் வந்துச்சுல்லா, அன்னைக்கு ராத்திரி ஆச்சி எங்க வீட்டுக்கு வந்துச்சு மதினி. முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து எங்கையில வச்சுது. 'இது நீ சுத்துனதுல புடிச்ச காசுட்டி, எனக்கு எதுக்கு'ன்னுச்சு. எங்க நாத்தனாளுக்கும் குடுத்துச்சு. யார்ட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டுப் போச்சு. எம் மவளுக்குக் கம்மல் எடுத்தது அந்தக் காசுலதான்."

மாமா எழுந்து உள்ளே போய் ஆச்சியின் தகரப்பெட்டியைத் திறந்து அந்தத் தைத்த நோட்டுகளை எடுத்து வந்தார். பக்கம் பக்கமாக மூன்று பத்தி. ஒன்றில் எப்போதும் கோடு நிறைய, மற்ற இரண்டில் சில நாள் பத்து, சில நாள் பதினைந்து. பேறுகாலம், நோய், ஊர்த் திருவிழா என்று யார் எப்போது சுற்றவில்லையோ அந்த இடங்கள் காலியாக இருந்தன. பன்னிரண்டு வருஷக் கணக்கு, எழுத்து ஒன்றுகூட இல்லாமல். மாமா ராத்திரி வெகுநேரம் கோடுகளைக் கூட்டிப் பார்த்தார். 1998-இல் வராமல்போன தொகையோடு அது ஏறக்குறைய ஒத்துவந்தது.

அந்த அக்காவுக்கு இப்போது 62 வயது. அவள் பெயரில் பாஸ் புக் என்று ஒன்று வரவே இல்லை, அதனால் பென்ஷனும் கிடையாது. மருமகளின் பாஸ் புக்கில் இப்போதும் தினம் இருபது கட்டு சுற்றிக் கொடுக்கிறாள்.